நான் எதற்குச் சரி என்றேன்?

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் நீங்கள் பார்த்துவிட்டுப் போன அளவிலேயே இருக்கின்றன. நீங்கள் வாங்கிவந்து ஒயர் இல்லாமலே கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்த சின்ன ஸ்பீக்கர் தூசி படாமல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வைரஸ் வராது என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். வைரஸ் வரவில்லை, சத்தமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நாங்கள் பேசுவது மகளுக்குக் கேட்கிறது, அவள் பேசினால் இங்கே வாய் மட்டும் அசைகிறது. முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவன், சொந்த வீட்டுப் பேச்சை இணைக்க மாப்பிள்ளையைக் கூப்பிடுவதா என்று ரோஷம் வந்து நானே உட்கார்ந்தேன். இணையத்தில் ஒரு புண்ணியவான், பழைய சவுண்ட் சர்வரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொன்னார். எல்லாச் சத்தத்தையும் வாங்கி, எது எங்கே போக வேண்டுமோ அங்கே அனுப்புகிற ஆசாமியாம் அது. எக்ஸ்சேஞ்சில் நான் பார்த்த அதே வேலை. புதியதைப் போட்டேன், பழையதை எடுக்க மறந்தேன், இரண்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டன. பழையதைத் தூக்கினேன், கூடவே திரையில் இருந்ததில் பாதி காணாமல் போயிற்று, அதை மீட்க இரண்டு நாள். பிறகு இடது, வலது ஸ்பீக்கர் பெயரைச் சொல்லிக்காட்டும் சோதனைப் பொத்தானை நூறு தடவையாவது அழுத்தியிருப்பேன். பச்சைக் கோடு துள்ளுகிறது. சத்தம் போகும் வழி என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர்கூடக் காட்டுகிறது. சவுண்ட் கார்டின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். காதில்தான் ஒன்றும் விழவில்லை. அலுத்துவிட்டது, மாப்பிள்ளை.

இதற்குள் மகளிடம் போனில், "நானே சரி பண்ணிட்டேம்மா" என்று வாய் விட்டிருந்தேன். போன ஞாயிறு திரையில் வந்தாள். ஐந்து நிமிடம் ஏதோ பேசினாள், நடுவில் கண்ணைத் துடைத்தாள், பிறகு என் முகத்தையே பார்த்தாள். கேட்கவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "சரிம்மா, அப்படியே செய்" என்றேன். அவள் கைகூப்பிச் சிரித்தாள். அன்றிலிருந்து அத்தை, "என்ன கேட்டான்னே தெரியாம எதுக்குத் தலையாட்டினீங்க? புருஷனை விட்டு வர்றேன்னு சொல்லியிருந்தா?" என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற மகளிடம், நான் எதற்குச் சரி சொன்னேன் என்று எந்த முகத்தோடு கேட்பது? உங்களுக்குள் மனக்கசப்பு ஏதும் இல்லையே? அவள் என்ன கேட்டாள் என்று ஒரு வரி எழுதுங்கள், தலை தப்பும்.

போதாக்குறைக்கு, நம் மாடியில் வாடகைக்கு இருந்து, தினமும் சாயங்காலம் என்னோடு கேரம் ஆடும் தையல்காரர் நாலு நாளாகக் காயைத் தொடவில்லை. பெட்டி பெட்டியாகக் கட்டுகிறார். என்ன வருத்தம் என்றால், "ஒண்ணுமில்லீங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்கிறார். நன்றாக இருக்கிறவனிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா?

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று ஒற்றுமையாக, முக்கியமாக ஒற்றுமையாக, வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
மாமனார்

பி.கு.: அனுப்பப்போன நேரத்தில் தையல்காரர் மாடிச் சாவியையும் ஒரு ஸ்பீக்கரையும் கொண்டுவந்து நீட்டினார். உங்கள் ஸ்பீக்கர்தான். தைக்கும்போது பாட்டுக் கேட்கட்டும் என்று அப்போதே அவருக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள். சவுண்ட் சர்வர் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, இந்த ஸ்பீக்கர் வழியாக எல்லாவற்றையும் மாடிக்கு அனுப்பி. "பாட்டு திடீர்னு நின்னுடுதுங்க. ஒரு பொம்பளை 'ஃபிரண்ட் லெஃப்ட், ஃபிரண்ட் ரைட்'ங்கறா. அளவு கொடுக்க யாரோ வந்திருக்காங்கன்னு ரெண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தேன். ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு பேசிச்சு. மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சு, கேக்கக் கூச்சப்படறார், வேற வேலை கிடைக்கிறவரைக்கும் நாங்க மாடியில வந்து இருக்கலாமான்னு கேட்டுச்சு. அப்புறம், ரொம்ப தேங்க்ஸ்ப்பான்னுச்சு. அதான் காலி பண்ணப் பெட்டி கட்டிட்டேன்" என்றார்.

ஆகவே மேலே எழுதியதைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றுமை பற்றிய வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரரை நான் விடவில்லை. அவருடைய பெட்டிகளை அத்தையே பிரித்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குக் கீழே முன்னறை. கம்ப்யூட்டரை மேசையோடு வெளியேற்றிவிட்டேன், கட்டில் சரியாகப் பொருந்துகிறது. இந்த ஞாயிறே கிளம்பி வாருங்கள். மகளிடம் மட்டும், அப்பா காதால் கேட்டுத்தான் சரி என்றார் என்று சொல்லிவிடுங்கள். கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.