மெம்பர் ஐயாவுக்குப் பத்துச்சீட்டு

என் எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பெயர்கள் மறந்துபோகின்றன, எது முதலில் நடந்தது என்பதும் சில இடங்களில் குழம்புகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பட்ட வெட்கம் மட்டும் ஒரு சொட்டும் மறக்கவில்லை. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் கொழும்புக்குப் போய்ச் சட்டசபை பார்த்தவள். (சிரிக்காதீர்கள், உண்மைதான்.) வெள்ளைக்காரன் காலம். யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது, வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எங்கள் மேல் லயத்து ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கீழே ஓடைக்குத்தான் இறங்க வேண்டும். அந்த ஓடையில்தான் மாடு குளிக்கும், துணி துவைப்பார்கள். அந்த வருஷம் காய்ச்சல் வந்து மூன்று வீட்டில் பிள்ளைகள் செத்துப்போயின. எங்கள் பக்கத்து மெம்பர் ஐயா, “உங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வேணும்னு சபையில கேக்குறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். யாரும் நம்பவில்லை. அவருக்கு முன்னே வந்தவர்களும் இப்படித்தான் நிறையச் சொல்லியிருந்தார்கள்.

அப்போது அவருடைய சம்சாரத்துக்கு ஒரு யோசனை வந்தது. படிக்கிற பிள்ளை ஒன்றைத் தங்கள் கொழும்பு வீட்டில் ஒரு வாரம் வைத்து, தினமும் சபைக்கு அனுப்பிப் பார்க்கச் செய்வது. “நாங்க சொன்னா நம்பமாட்டாங்க. அவங்க பிள்ளையே பாத்துட்டு வந்து சொல்லட்டும்” என்றார்களாம் அந்த அம்மா.

பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னைக் கைகாட்டினார். நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. “இந்தப் புள்ள வாயத் தொறக்காது, சபையில சத்தம் போடாது” என்றார். அதற்கு முந்தின வருஷமே ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த என்னை, மறுபடியும் மாணவி என்று சொல்லி மாத்தளையில் ரயிலேற்றினார்கள்.

சபை கடலுக்கு எதிரே இருந்தது. கடலைப் பார்த்ததும் வெள்ளம் வருகிறதென்று அந்த அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். (இது சின்ன வெட்கம். பெரியது பின்னால் வருகிறது.) என்னை மேல் மாடத்தில் உட்கார வைத்தார்கள். சிவப்புப் பட்டை கட்டிய சேவகர் ஒருவர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அதைக் காட்டவே தேவையில்லை.

கீழே, உயரமான நாற்காலியில், பஞ்சு மாதிரி வெள்ளை முடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் இருந்தார். மற்றவர்கள் வரிசை வரிசையாக இருந்தார்கள். ஒருவர் எழும்பிப் பேசுவார், வெள்ளை முடிக்காரர் ஏதோ சொல்வார், அவர் உட்காருவார், இன்னொருவர் எழும்புவார். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘எஸ்’, ‘நோ’, ‘குட் மார்னிங்’ மட்டும். அங்கே யாரும் குட் மார்னிங் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அந்த அம்மா கேட்பார்கள்: “எல்லாம் விளங்குச்சாம்மா?”

“விளங்குச்சுங்க.”

அந்த ஒரு வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். விளங்கவில்லை என்றால், சோறு போட்டுப் படுக்கை கொடுத்தவர்களைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தேன். அதோடு மூன்றாம் நாள் ‘விளங்கல’ என்றால், முதல் இரண்டு நாளும் பொய் சொன்னதாகத் தெரிந்துவிடுமே. அப்படியே இழுத்துக்கொண்டு போனேன்.

காது உதவாததால் கண்ணை வைத்துத்தான் எல்லாம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு அது தெரிந்த இடமாகவே ஆகிவிட்டது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற எங்கள் பெரட்டுக்களம்தான் அது! வெள்ளை முடிக்காரர் பெரிய துரை. எழும்பிப் பேசுகிறவர்கள் ஆட்களை மேய்க்கிற கங்காணிமார். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு ரொம்பப் பெருமை.

கடைசி நாள் எங்கள் மெம்பர் ஐயா எழும்பினார். நெடுநேரம் பேசினார். ஒரு தடவை மேசையைத் தட்டினார். துரை ஏதோ சொன்னார். ஐயா உட்கார்ந்து, திரும்பவும் எழும்பினார். துரை திரும்பவும் சுருக்கமாக ஒன்று சொன்னார். அதன் பிறகு ஐயா தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தார், திரும்பினார், துரையைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார், வெளியே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தோட்டத்தில் துரையை எதிர்த்துப் பேசினவனுக்குப் பத்துச்சீட்டுத்தான். அந்தச் சீட்டைக் கொடுத்தால் வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. வாங்கினவன் தலைப்பாகையை எடுத்துவிட்டு, அப்படித்தான் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அன்று ஐயா சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை நான் புறப்படும்போது அந்த அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் சாட்சி வேறு வேண்டுமா?

லயத்தில் கால் வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. அடுத்த காம்பரா சின்னக்கண்ணுப் பெரியம்மாதான் முதலில் பிடித்தாள்.

“அடியே, தண்ணியப் பத்திக் கேட்டாராடி?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“என்னாடி இது, வந்ததும் வராததுமா அழுவுற?” என்றாள் என் அம்மா.

“அவருக்குப் பத்துச்சீட்டுக் குடுத்துட்டாங்கம்மா.”

“யாருக்கு?”

“மெம்பர் ஐயாவுக்கு.”

“ஐயோ! நம்ம தண்ணிக்குப் பேசப்போயா?” சின்னக்கண்ணுப் பெரியம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். “நோட்டீசு குடுத்தாங்களா, இல்ல ஒடனேயே போகச் சொல்லிட்டாங்களா?”

“ஒடனே போயிட்டாரு.”

“அந்த அம்மா?”

“பெட்டி கட்டுறாங்க.”

பிறகு எங்கள் ஆட்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தலை குனிகிறது. கெட்டது செய்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்காது. பத்துச்சீட்டு வாங்கிப் போகிற குடும்பத்துக்கு வழிச் சோற்றுக்கு ஆளாளுக்கு ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருவரும் சொல்லாமலே அரிசி சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெம்பர் ஐயா வந்தார். தோட்டத்துக்குள்ளே கூட்டம் போடத் துரை விடமாட்டார், அதனால் றோட்டோரம் மர நிழலில்தான் கூட்டம். சம்சாரத்தோடு மோட்டார் காரிலிருந்து இறங்கி, மாலைக்காகக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார் ஐயா. மாலை வரவில்லை. எங்கள் அம்மா ஒரு பை அரிசியை நீட்டினாள். பின்னாலேயே தேங்காய் வந்தது, பனை ஓலையில் சுற்றிய கருவாடு வந்தது. கடைசியில் சின்னக்கண்ணுப் பெரியம்மா தன் பழைய கம்பளியைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் தோளில் போர்த்திவிட்டாள்.

“போற எடம் குளிரா இருந்தா ஒதவும் தாயி.”

காத்தான் கங்காணி முன்னே வந்து குரலைத் தாழ்த்தினார். “ஐயா மனசத் தளர விடாதீங்க. ரத்தோட்டைப் பக்கம் நம்ம மச்சான் இருக்காரு. அங்க கணக்கப்புள்ள வேல ஒண்ணு காலியாம். ஐயாவுக்கு இங்கிலீசு வேற தெரியும், கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பாங்க.”

“என்ன வேலை? யாருக்கு?” என்றார் ஐயா.

“ஒங்களுக்குத்தாங்க. சபையில பத்துச்சீட்டுக் குடுத்துட்டாங்களாமே.”

“யார் சொன்னது?”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனேன். அம்மா விலகிக்கொண்டாள்.

நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். பாதி அழுகையில் சொன்னேன். ஐயா நெற்றியில் கை வைத்தார். “அட கடவுளே! சபையை விட்டு வெளியே போறப்போ குனிஞ்சு வணங்குறது அங்க மரியாதை. எல்லாரும் செய்வாங்க. நான் டீ குடிக்கப் போனேன்! போன இடத்துல ஒருத்தர் பேச்சுல பிடிச்சுக்கிட்டார். பெட்டி கட்டினது இங்க வர்றதுக்குத்தான்.”

அது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. கங்காணியே சிரித்தார். அப்புறம் சின்னக்கண்ணுப் பெரியம்மா கேட்டாள்: “சரிங்க, தண்ணியப் பத்திப் பேசுனீங்களா?”

“அரை மணி நேரம் பேசினேன். காய்ச்சல்ல போன பிள்ளைகளைப் பத்திச் சொன்னேன். நான் சொல்றத நீங்க நம்பவேணாம். உங்க பிள்ளை மேல இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு? அதுகிட்டயே கேளுங்க.”

“சொல்லுடி,” என்றாள் பெரியம்மா. செத்த பிள்ளைகளில் ஒன்று அவளுடைய பேரன். “பேசினாரா?”

“தெரியாது பெரியம்மா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது.”

ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தோளில் கம்பளியோடு நின்ற அந்த அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்கள். “ஏன்மா, தினமும் கேட்டேனே, விளங்குச்சான்னு?”

பின்னாலிருந்து ஓர் ஆள், “எல்லா மெம்பரும் பேசினேன்னுதான் சொல்லுவாங்க. வாங்கப்பா போவோம்” என்றான். மறுநாள் எல்லோரும் சேர்ந்து துரை பங்களாவுக்குப் போய்க் குழாய் கேட்போம் என்று சொல்லத்தான் ஐயா அன்றைக்கு வந்திருந்தார். கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது அதைச் சொன்னார். அரிசியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். “குடுத்தத வாங்கமாட்டோங்க” என்று அம்மா மறுத்துவிட்டாள். தேங்காய் பின் சீட்டில் உருள, கார் போனது.

மறுநாள் பங்களாவுக்கு அவரோடு போனது அம்மாவும் பெரியம்மாவும் மட்டும்தான். இரண்டு பேர் கேட்டால் துரை கொடுப்பாரா? அம்மா போனது தண்ணீருக்காக மட்டும் இல்லை, என்னால் வந்த மானக்கேட்டுக்காகவும்தான் என்று எனக்குத் தெரியும். நான் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் மருமகன் சாப்பிட்டு எழும்பினால் என் மற்றப் பிள்ளைகள் விடமாட்டார்கள். “மாமா, குனிஞ்சு கும்புட்டுட்டு மட்டும் போயிராதீங்க. அம்மா பாத்தா ஊருல அரிசி சேத்துருவாங்க!” அவர் வேண்டுமென்றே குனிந்து கும்பிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மேல் லயத்துக்குக் குழாய் வந்தது, நான் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய் வெகுநாளைக்குப் பிறகு. மெம்பர் ஐயா பேசினதால் வந்தது என்று சிலர் சொன்னார்கள். அவர் பேசவே இல்லை என்று சிலர் கடைசி வரைக்கும் சொன்னார்கள். சின்னக்கண்ணுப் பெரியம்மா எதையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள். சபையில் பேசுவதையெல்லாம் அச்சுப் போட்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து தேடிப் பாருங்கள். நான் எழுதினதில் வேறு பிழை இருந்தாலும் திருத்துங்கள். ஆனால் முதலில் அதைப் பாருங்கள்: அன்றைக்கு, வாசலில் குனிந்து வணங்குவதற்கு முன்னால், அந்த மனிதர் எங்கள் தண்ணீரைப் பற்றி என்ன சொன்னார்?