சுண்ணாம்பு சுடும் ஊரில் ஊசி விஷம் இறக்கியவர்

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர்க் கூடைப்பந்துத் திடலில் பந்து போட இடமில்லை. திடல் முழுக்கக் குழந்தைகள். குழந்தைக்குக் கீழே தாய், தாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலி கிடைக்காதவர்களுக்குச் சிமெண்டுத் தரை. வரிசை எண் எழுதிய அட்டைத் துண்டு நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. எண்பதாம் எண்காரி ஒருத்தி பத்தாம் எண்ணை ஐம்பது பெசோ கொடுத்து வாங்கினாள். வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கும் லூமெங் ஒன்பது மணிக்கே சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். அவ்வளவு வியாபாரம்.

நோங் தீமோ வந்திருந்தார். நோங் என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசியின் விஷத்தை இறக்குபவர். சிக்கிஹோர் தீவுக்காரர். அந்தத் தீவில் மந்திரம் தெரியாதவன் படகு ஓட்டுகிறவன் மட்டும்தான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் வரவேற்றார். சுகாதார நிலையத்தின் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வாங்கப் போன வருஷம் காசில்லை என்றவர், நோங் தீமோவின் தலைக்குமேல் கட்டப் புதுப் பந்தல் வாங்கியிருந்தார்.

வைத்தியம் எளிது. ஒரு கண்ணாடித் தம்ளர். அதனடியில் ஒரு கறுப்புக் கல். மலைக்குகைச் சுனையிலிருந்து கேனில் எடுத்து வந்த தண்ணீர் பாதி அளவு, கண்ணாடியைவிடத் தெளிவாக. நோங் தீமோ மூங்கில் குழலைத் தண்ணீரில் விட்டு ஊதுவார். ஊதிக்கொண்டே தம்ளரைக் குழந்தையின் வயிறு, நெஞ்சு, தொடை என்று நகர்த்துவார். தொடையில்தானே ஊசி போட்டது! அங்கே வந்ததும் தண்ணீர் பாலாக வெளுக்கும். தாய் அழுவாள். கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். அவர் அந்தத் தண்ணீரைத் தம் கையாலேயே சாக்கடையில் கொட்டிவிட்டு, குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பும் கறுப்பும் கோத்த மணிக்கயிறு கட்டி, இனி ஊசியே வேண்டாம் என்பார்.

காசு கேட்கமாட்டார். விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்பார். ஆனால் பக்கத்தில் தகர டப்பாவோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, இருநூற்றைம்பதுக்குக் குறைவாக விரும்புகிறவர்களை விரும்பமாட்டாள்.

அறுபத்திரண்டாம் எண் என் தங்கை ஜெனலின். மடியில் பிங்பிங், ஒன்பது மாதம். அவள் புருஷன் செனியோ சேவல் வேலையாகப் போய்விட்டதால் குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்ள நான் போயிருந்தேன்.

ஜெனலினை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். பிங்பிங்குக்குப் போன தடவை ஊசி போட்டபோது இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. சில வருஷங்களுக்கு முன் ஏதோ ஒரு ஊசியைப் பற்றித் தொலைக்காட்சியில் தாய்மார்கள் அழுததை அவளும் பார்த்திருக்கிறாள். வருகிற புதன்கிழமை தட்டம்மை ஊசி போட வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு குழந்தைகளுக்குத் தட்டம்மை, ஒன்றைப் புதைத்தும் விட்டார்கள். நர்ஸ் குளோரிபெல் இரண்டு முறை வீட்டுக்கு வந்தாள். வந்து என்ன செய்தாள்? படித்தவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று திட்டிவிட்டுப் போனாள். திட்டு வாங்கியவளுக்குச் சந்தேகம் தீருமா? கூடத்தான் செய்யும்.

வரிசையில் உட்கார்ந்தபடி ஜெனலின் மெதுவாகச் சொன்னாள்:

"ஊசி போட்டு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நானே என் கையால செஞ்சதா ஆயிரும் அண்ணே. போடாம ஏதாவது ஆச்சுன்னா சாமி விட்ட வழின்னு இருந்துக்கலாம். இதுல எதைத்தான் நான் தாங்குறது?"

நான் பிங்பிங்கின் காலைத் தடவிக்கொடுத்தேன். இருபத்தாறு வருஷமாகக் காளவாயில் பவளக்கல் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிற கை.

எங்கள் முறை வந்தது. நோங் தீமோ ஊதினார். பிங்பிங்குக்கு என்ன தோன்றியதோ, ஓர் உதை விட்டாள். தம்ளர் சாய்ந்து தண்ணீர் என் விரல்மேல் தெறித்தது. என் விரல்களெல்லாம் வெடிப்பு. அந்த வெடிப்பில் தண்ணீர் பட்டதும் சுரீரென்று எரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். வீட்டில் சாப்பிட உட்காரும்போதும், படுத்த பிறகும், என் கையில் குடியிருக்கிற அதே எரிச்சல். விரலும் விரலும் உரசியபோது வழவழவென்று இருந்தது. மலைச்சுனைத் தண்ணீர் என் காளவாய்க்கு எப்போது வேலைக்கு வந்தது?

அதற்குள் தம்ளர் வெளுத்துவிட்டது. ஜெனலின் அழுதாள், காசு கொடுத்தாள், பிள்ளை கையில் கயிறு கட்டிக்கொண்டாள். வழியில் எதிர்ப்பட்ட குளோரிபெல்லிடம் புதன்கிழமை வரமாட்டேன் என்று சொல்லியும் விட்டாள்.

மத்தியானம் காளவாய்க்குப் போனேன். நீர்த்த சுண்ணாம்புக் குழியில் கலங்கல் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. நாங்கள் தினமும் வீணாய்க் கொட்டுகிற தண்ணீர். விட்டுவைத்தால் காற்றுப்பட்டே மேலே வெள்ளை ஆடை கட்டும். அதை ஒரு காப்பித் தம்ளரில் மொண்டு, பப்பாளித் தண்டை ஒடித்துக் குழலாக்கி, என் மத்தியானச் சாப்பாட்டில் இருந்த கருவாட்டுக்கு நேராகப் பிடித்து ஊதினேன். பாலாக வெளுத்தது. அந்தக் கருவாட்டுக்கு எந்த நர்ஸ் எப்போது ஊசி போட்டாளோ தெரியவில்லை.

ஓடிப்போய் ஜெனலினிடம் சொன்னேன். அவள் பெரிதாக அசரவில்லை.

"உன் சுண்ணாம்புத் தண்ணி வெளுத்தா, அவரு தண்ணியும் சுண்ணாம்புன்னு ஆயிருமா? அவரு தண்ணியிலயே காட்டு. அப்ப நம்புறேன்."

சரியான கேள்வி. இந்தக் கேள்வி அறுபத்தொரு பேருக்கும் வராமல் அவளுக்கு வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். எனக்கே வரவில்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்.

மறுநாளும் நோங் தீமோ திடலில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சேவல் சண்டை தொடங்குவதற்கு முன்னால் திடலில் ஆம்பிளைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொருவன் கக்கத்திலும் ஒரு சேவல். செனியோவின் கக்கத்தில் 'ஜெனரல்'. நான் மரியாதையாக முன்னால் போய், மச்சானின் சேவலுக்கு மூன்று ஊசி போட்டிருக்கிறது, இரண்டு நாளாக வால் தொங்குகிறது, விஷம் இறக்க முடியுமா என்று கேட்டேன். நோங் தீமோ சேவல்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். முப்பது இருக்கும். முடியும் என்றார். சேவலுக்கு ஐந்நூறு என்றாள் மனைவி. பிள்ளையைவிட இரண்டு மடங்கு. யாரும் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் ஊரின் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பிடிபட்டிருந்தது.

ஊதினார். வெளுத்தது. ஆம்பிளைகள் பெருமூச்சு விட்டார்கள். செனியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். கல்யாணத்தன்றுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

அப்போது ஜெனலின் எழுந்தாள்.

"நோங், இந்தக் கூடைக் கம்பத்துக்கும் ஒரு தடவ பாத்துருங்க. காசு நான் தர்றேன்."

கூட்டம் சிரித்தது. நோங் தீமோவும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"கம்பத்துக்கு உசுரு இல்லம்மா."

"உசுரு இல்லன்னா விஷமும் இருக்காது. தண்ணி தெளிவாவே நிக்கும். அதத்தான் பாக்கணுங்கறேன்."

சிரிப்பு நின்றது. கல் கோபித்துக்கொள்ளும் என்றார் அவர். காலையிலிருந்து ஊதி மூச்சு தளர்ந்துவிட்டது என்றார். வரம் பெற்றவன் மூச்சை விளையாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்றார். அவர் மனைவி என்ன நினைத்தாளோ, தகர டப்பாவுக்கு மூடி போட்டாள்.

"அப்ப வரம் இல்லாத நான் ஊதுனா வெளுக்காதுல்ல?" என்று கேட்டாள் ஜெனலின். ஆமாம் என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வார், இல்லை என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வார். அவர் எச்சில் விழுங்கும் நேரத்துக்குள் அவள் அவருடைய கேனிலிருந்தே தம்ளரை நிரப்பி, கறுப்புக் கல்லை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கம்பத்தருகே போய் நின்று ஊதினாள்.

வெளுத்தது. அவர் ஊதியதைவிட நன்றாகவே வெளுத்தது. இளம் நெஞ்சு அல்லவா.

பிறகு திடலோரத்துக் கைப்பம்பில் அடித்த தண்ணீரை நிரப்பினாள். பிங்பிங்கை மடியில் கிடத்தினாள். இப்போது நீங்கள் ஊதுங்கள் என்றாள். முந்நூறு கண்கள் பார்க்கும்போது அவர் ஊதாமல் இருக்க முடியுமா? கன்னம் புடைக்க, கழுத்து நரம்பு தெறிக்க ஊதினார். வயிறு, நெஞ்சு, தொடை. தொடையில் மூன்று தடவை. தண்ணீர் தெளிவாகவே நின்றது. கொஞ்சம் எச்சில் மட்டும் மிதந்தது.

எங்கள் காளவாய் மேஸ்திரி எழுந்து வந்து கேன் தண்ணீரில் விரலை விட்டு உரசிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒரு வெளியூர் அம்மாள் கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நம் காளவாயில் நான்கு கிலோ வாங்கிப் போனாள், அந்த அம்மாள் இதோ டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஊரே சுண்ணாம்பு சுடுகிறது. பாட்டன் காலத்திலிருந்து சுடுகிறது. எங்கள் நுரையீரலில் பாதி சுண்ணாம்பு. அந்த ஊருக்குள் ஒருவன் வந்து, எங்கள் சுண்ணாம்பையே எங்களிடம் வாங்கி, தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, தம்ளர் ஒன்று இருநூற்றைம்பதுக்கு எங்களுக்கே விற்றுவிட்டான். வரிசையில் நின்று வாங்கினோம். கறுப்பில் சீட்டும் வாங்கினோம்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் சக்தி நிற்காது என்று சொன்னான் தீமோ. சக்தியின் கதை எப்படியோ, அவன் நிற்கவில்லை. டப்பாவை மேஸ்திரி பிடுங்கி வைத்துக்கொள்ள, மூன்று சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டான். ஊர்த் தலைவர், தாம் மைக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். காசைத் திருப்பி வாங்க நாற்பது பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு வெட்கம். ஒருத்தி மட்டும், "என்னமோ போங்க, என் பிள்ள நேத்து நல்லாத் தூங்குனான்" என்று கயிற்றை அவிழ்க்காமலே வீட்டுக்குப் போனாள்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஜெனலினுக்கு முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செனியோ சேவல் பெட்டியிலிருந்து ஜெனரலின் ஊசி அட்டையை எடுத்துத் துடைத்தான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான்; ஆனாலும் இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டேன். சேவலுடையதில் மூன்று ஊசி, மூன்றும் தேதி தவறாமல். பிங்பிங்குடையதில் கடைசிக் கட்டம் காலி. ஜெனலின் அதை எட்டிப் பார்த்தாள்.

"கோழிக்குப் போடும்போது உனக்குப் பயமா இல்லையாய்யா?"

"கோழிக்கு வந்தா பண்ணையே போயிரும்ல," என்றான் செனியோ. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. அன்றைக்கு அவன் சேவல் சண்டைக்குப் போகவில்லை.

மாலையில் அவள் குளோரிபெல்லிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"அவன் பொய்யன்னு ஆனதால நீங்க உண்மைன்னு ஆயிராது, நர்சம்மா. உங்களையும் நான் கேப்பேன். காய்ச்சல் வருமா?"

குளோரிபெல் வாயைத் திறந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வரலாம். ஒரு வாரம் கழிச்சு வரலாம். கொஞ்சம் தடிப்புகூட வரலாம், தானாப் போயிரும். எப்பவோ ஒரு பிள்ளைக்கு ஒத்துக்காமப் போறதும் உண்டு. அதுக்குத்தான் அரை மணி நேரம் இங்கயே உக்கார வைக்கிறேன், மருந்தும் பக்கத்துல இருக்கு. இந்தா பதிவேடு. நான் ஊசி போட்ட அத்தன பேரு பேரும் இருக்கு. என்னை நம்ப வேணாம். வீடு வீடாப் போய்க் கேளு."

இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் சுண்ணாம்பு மிச்சமாகியிருக்கும்.

ஜெனலின் கேட்கவும் போனாள். திங்களும் செவ்வாயும், பிங்பிங்கை இடுப்பில் வைத்துக்கொண்டு முப்பத்தொரு வீடு. ஒன்பது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. ஒரு பிள்ளை இரண்டு நாள் காலைத் தொட்டால் கத்தியிருந்தது. அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விசாரிக்க என்னை அனுப்பினாள். தட்டம்மை வந்த ஏழில் ஆறு பேர் ஊசி போடாதவர்கள். ஏழாவது, ஊசிக்கு இன்னும் வயசே வராத ஐந்து மாதக் குழந்தை. அந்த ஆறில் ஒன்றிடமிருந்து தொற்றியது. புதைத்தது அதைத்தான்.

அதைச் சொன்னதும் ஜெனலின் பிங்பிங்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பச்சப்புள்ளைய யாரும் ஒண்ணும் செய்யல. செய்யாம விட்டதுதான் அதைக் கொன்னுருக்கு," என்றாள்.

புதன்கிழமை பிங்பிங்குக்கு ஊசி போட்டாயிற்று. ஊரைக் கூட்டி அழுதாள். ஜெனலினும் அழுதாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், கூரை ஒழுகியது, வீட்டுக்கு வந்தோம். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது; நர்ஸ் சொன்ன மாதிரியே வந்து, மறுநாள் போய்விட்டது. இப்போது பிங்பிங் எங்கள் வீட்டுச் சட்டிகளை எல்லாம் உருட்டிக்கொண்டு நடக்கப் பழகுகிறாள்.

தீமோ இப்போது தெற்கே வேறொரு ஊரில் இருக்கிறானாம். அங்கேயும் கூட்டமாம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. காசு வாங்காமல் ஊசி போடுகிற நர்சை நம்ப நாங்கள் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டோம். டப்பா நீட்டியவனை நம்ப ஒன்பது நிமிஷம்கூட எடுக்கவில்லை. சந்தேகப்படுங்கள் ஐயா, தாராளமாகச் சந்தேகப்படுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சந்தேகப்படாதீர்கள், அவ்வளவுதான்.