‘அறுப்பு முடியட்டும்’ மேடம்

ஒரு வயல் நெல்லுக்காக எண்ணெய்க் கம்பெனியையே காக்க வைத்த பெண்மணி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தஞ்சாவூர் ஆபீசின் நிதி அதிகாரி. பெயர் பலகையில் இருந்தது. எங்கள் வாயில் அவர் ‘அறுப்பு முடியட்டும்’ மேடம்தான்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்துக்கு லாரி போக, வயல் நடுவே பாதை வெட்டுவார்கள். பயிருக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டால் மறுநாளே வெட்டலாம். அதற்கு மேடம் கையெழுத்து வேண்டும். அவரோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவார். கதிர் வந்திருந்தால் தீர்ந்தது கதை. “அறுப்பு முடியட்டும்” என்று ஃபைலை மூடிவிடுவார்.

நான் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோதும் பழக்கதோஷத்தில் அதையே சொன்னார்.

“மேடம், பொண்ணு காத்துக்கிட்டு இருக்குங்க!”

நாக்கைக் கடித்துக்கொண்டு, கேட்டதற்கு மேலேயே லீவு கொடுத்தார்.

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் வயலிலேயே குதித்தார். “பணந்தான் குடுக்கறோமே மேடம், அப்புறம் என்ன?”

“எங்க வீட்டுல எல்லாரும் நட்டுக் களையெடுத்தவங்க சார். ஒரு வருஷம் கூலிச் சண்டையில அறுக்காமலே நெல்லு வயல்ல கொட்டிப் போச்சு. கூலி கேட்டு நின்னது எங்கப்பாதான். ஆனாலும் எங்கம்மா வரப்புல உக்காந்து அழுதாங்க.”

இன்ஜினியர் திரும்பி நடந்தார். பூட்ஸ் மட்டும் சேற்றிலேயே நின்றுவிட்டது.

ஒரு மார்கழியில் டெல்லித் தலைமை அலுவலகத்துக்கு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஆசைப்பட்ட நாற்காலி. உடனே வரச் சொன்னார்கள். குடவாசல் பக்கம் அஞ்சம்மா என்பவரின் வயலில் அப்போதுதான் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அறுக்கும்வரை லாரி வராது என்று மேடம் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இவர் போய்விட்டால், அடுத்து வருகிறவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார். மேடம் போனை எடுத்தார்.

“அறுப்பு முடியட்டும் சார்.”

நாற்காலி வேறொருவருக்குப் போனது. அஞ்சம்மா அறுத்த அன்று, ஒரு பிடி கதிரைக் கொண்டுவந்து ஆபீஸ் வாசல் நிலையில் கட்டினார் மேடம். கண் சிவந்திருந்தது. நெல்லுத் தூசி என்றார். நாங்களும் நம்பியதுபோல் இருந்துவிட்டோம். இப்போதும் நிலையில் கதிர் தொங்கும் வீட்டைக் கண்டால் அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அதன்பின் டெல்லி அவரைக் கூப்பிடவே இல்லை. ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், கழுத்தில் மாலையோடு ஜீப்பில் ஏறினார். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

“என்ன தம்பி, கிளம்பலாமே?”

அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “அறுப்பு முடியட்டும் மேடம்.”

அப்போது சித்திரை மாதம். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலிலும் பயிர் இல்லை.