மூன்றையும் மாற்று!

இன்றைக்குக் காந்தாவை வாதத்தில் ஜெயித்தே தீருவது என்று சங்கல்பம் செய்துகொண்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இது எத்தனையாவது சங்கல்பம் என்று கேட்காதீர்கள்.

விஷயம் என் மோட்டார் கார். பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான். ஓட்டுவதும் நானேதான். முன்னால் நாதஸ்வரம் நகர, அதன் பின்னால் நான் நகர, ஊரே வாசலில் நிற்கும். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் நிற்கிறார்களாம்! அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி ராமலிங்க முதலியார் வீட்டு அழைப்பு. இந்த நேரம் பார்த்துக் கிளச்சு வழுக்கிவிட்டது. இன்ஜின் ஊரைக் கூட்டுகிறது; கார் நகரவில்லை.

வாலாஜாபாத் மெக்கானிக் முனுசாமி வந்து பார்த்தான்.

"பிளேட்டு தேஞ்சுபோச்சு, முதலியாரே. அத்த அமுக்குற ஸ்பிரிங்கும், பெடல் பேரிங்கும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மூணையும் மாத்திட்டா நல்லது. அப்புறம் உங்க இஷ்டம்."

என் இஷ்டமா? பெட்டிச் சாவி காந்தாவின் இடுப்பில் இருக்கிறது.

"தேஞ்சத மட்டும் மாத்துங்க," என்றாள் அவள். "தறியில ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போடறோமா, பாவு நூல் மொத்தத்தையும் அவுத்துப் போடறோமா?"

"இழை கண்ணெதிர்ல இருக்குது. கிளச்சு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கினு இருக்குதுடி! ஒவ்வொரு தபாவும் வண்டியோட குடலை உருவணும்."

"மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்குது?"

"பழசு புதுசைத் தின்னுடும்! ஒன்னா உழைக்கிறத ஒன்னாத்தான் மாத்தணும்."

காந்தா சற்று யோசித்தாள். "நீங்க சொல்றதுதான் சரி."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

"முனுசாமி பட்டறை எங்கம்மா வீட்டுக்கு எதிர்லதான இருக்குது? வண்டியக் கட்டி இழுத்துக்கினு போவட்டும். பத்து நாள் அங்கியே இருந்து வேலையப் பாத்துக்கினு வரேன்."

போனாள். பத்து நாளும் நான் ராஜாவாகத் தூங்கினேன்.

அழைப்பு நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜரிகைத் தலைப்பாகையோடு வாசலில் காத்திருந்தேன். கார் வந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. ஓட்டி வந்தது காந்தா!

"இன்னாடி அக்கிரமம் இது?"

"மூணும் மாத்தியாச்சுங்க. ஏன்பா இவ்ளோ சீக்கிரம் தேஞ்சுதுன்னு முனுசாமியக் கேட்டேன். மேளத்துக்குப் பின்னாடி ஊர்ந்துக்கினு போறப்போ ஒருத்தரு கிளச்சுலேர்ந்து காலையே எடுக்க மாட்டாராம். அந்தக் காலு இருக்கற வரைக்கும் எத்தினி சாமான் போட்டாலும் வீண்தாம்மான்னாரு."

"அதுக்கு?"

"ஒன்னா உழைக்கிறத ஒன்னா மாத்தணும்னு சொன்னீங்களே. காலையும் மாத்திட்டேன். பத்து நாள்ல கத்துக்கினேன். மேளம் நாலு வூடு தாண்டற வரைக்கும் வண்டிய நிறுத்திடுவேன். அப்புறம் ஒரே ஓட்டமா போய்ச் சேர்ந்துக்குவேன்."

"ஊர் சிரிக்கும்டி! அப்ப நானு?"

"நீங்க இல்லாமலா? நிறுத்தி நிறுத்திக் கிளப்பறப்போ மக்கர் பண்ணா நம்பிக்கையான ஆளு வேணாமா?"

அன்று நாதஸ்வரத்துக்குப் பின்னால் காந்தா போனாள். காந்தாவுக்குப் பின்னால் மாப்பிள்ளை போனார். மாப்பிள்ளைக்குப் பின்னால், இரண்டு கையையும் காரின் முதுகில் வைத்துக்கொண்டு, நான் போனேன்.