பல் அவளுடையது, வாய் இவருடையது

துணைக்கு வருபவர் என்று உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. நோயாளிக்கு முன்னால் எழுந்து, குளித்து, நல்ல துணி உடுத்தி, நோயாளியை அவசரப்படுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டதும் நோயாளி வாயைத் திறப்பதற்குள் தன் வாயைத் திறந்துவிடும் புண்ணியவான். வலி அங்கே. வர்ணனை இங்கே.

நான் படித்தவன் இல்லை. நாலாம் வகுப்பில் வாத்தியார் என்னைக் கைவிட்டார், நானும் அவரைக் கைவிட்டேன். ஆனால் எங்கள் குமாசி நகரத்தில், லாரிப் பட்டறைகள் நிறைந்த சுவாமே பக்கம் வந்து என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடை வாசலில் விடுவார்கள். டயர் உருட்டிப் பிழைத்தவன் இன்று லாரி எஞ்சின் விற்கிறேன். லாரி படுத்துவிட்டால் நான் டிரைவரைத்தான் விசாரிப்பேன். முதலாளியைக் கேட்டால் லாரியின் பெருமையைச் சொல்வாரே தவிர, அது எங்கே இருமுகிறது என்று அவருக்கு என்ன தெரியும்?

போன மாதம் பல் ஆஸ்பத்திரியில் இந்த இனத்தின் அரசனையே பார்த்தேன். ஒரே அறையில் இரண்டு நாற்காலி, நடுவே பாதி இழுத்த திரை. என் கடைவாயில் மருந்தை அடைத்து, "கடிச்சிக்கிட்டே இருங்க, பேசக் கூடாது" என்று விட்டுவிட்டார்கள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

பக்கத்து நாற்காலியில் எங்கள் பேட்டை அஃபுவா செர்வா. அவளுக்கு வலப்புறம் ஸ்டூலை நெருக்கிப் போட்டு அவள் தாய்மாமன் டொம்ஃபே. டாக்டர் நார்ட்டே கடற்கரைப் பக்கத்து இளம் பெண். "என்ன விஷயமா வந்தீங்க?" என்று அஃபுவாவைத்தான் கேட்டார்.

டொம்ஃபே எழுந்தார். மரியாதைக்காகத் தோளில் போர்த்தியிருந்த துணியை இறக்கினார். "நல்ல விஷயமாத்தான் வந்திருக்கோம் டாக்டரம்மா. கெட்டது ஒண்ணும் இல்ல."

"கெட்டது இல்லேன்னா இங்க எதுக்கு வந்தீங்க?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? சொல்றேன். காலைல எழுந்தோம்..."

காலையில் எழுந்தார்கள், ட்ரோட்ரோ வண்டி பிடித்தார்கள், அது பந்தாமாவில் பஞ்சரானது, அந்த டிரைவரின் அப்பாவும் டொம்ஃபேயும் ஒரே தேவாலயத்தில் பாடியவர்கள், அந்த அப்பா இப்போது இல்லை, அவர் சாவுக்கு என்ன கூட்டம், என்ன கூட்டம்! கதை பல்லை எட்டுவதற்குள் புதுப் பல் முளைத்துவிடும் போலிருந்தது.

"அவங்களே சொல்லட்டுமே" என்றார் டாக்டர்.

"சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்?"

சின்னப் பெண்ணுக்கு முப்பது வயது. கெஜேட்டியா சந்தையில் துணிக்கடை வைத்து, இந்த மாமாவுக்கும் சேர்த்து ஃபுஃபு களி இடித்துப் போடுகிறவள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கீழ ஒவ்வொரு பல் கெட்டிருக்கு. எது வலிக்குது?"

"வலது" என்றார் டொம்ஃபே. "பாருங்க, கைய அங்கதான வெச்சிருக்கா?"

உண்மைதான். அஃபுவா வலது கன்னத்தில் உள்ளங்கையைப் பொத்தியிருந்தாள். டாக்டர் கையை விலக்கிவிட்டு, கண்ணாடியின் பிடியால் அந்தப் பல்லை மெல்லத் தட்டினார்.

"ஆ!"

கத்தியது டொம்ஃபே.

பிறகு விசாரணை தொடங்கியது. ரத்தக் கொதிப்பு? "எங்க வம்சத்துலயே இல்ல." சர்க்கரை? "எங்க எதிரிக்கும் இல்ல." மூச்சிரைப்பு? "மலை ஏறுவா!"

இந்தப் பெருமை எதற்கு என்று கேட்கிறீர்களா? அதற்கு அடுத்த வாரம் அஃபுவாவைப் பெண் கேட்டு வீட்டுக் கதவைத் தட்ட வருவதாக இருந்தார்கள். தட்டுவதற்கு முன் பிள்ளை வீட்டார் இந்தக் குடும்பத்தில் என்ன நோய் என்றுதான் முதலில் துப்பு விசாரிப்பார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் பாதிப் பேட்டை உட்கார்ந்திருந்தது. டொம்ஃபே பதில் சொன்னது டாக்டருக்கு இல்லை, பெஞ்சுக்கு.

"சீழ் இருக்கு. முதல்ல பென்சிலின் ஊசி போட்டுடலாம்" என்றார் டாக்டர், மறுபடி கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டபடி. "இந்த ஊசி முன்னாடி எப்பவாவது ஒத்துக்காம போயிருக்கா?"

"எங்க ரத்தத்துக்கு ஒத்துக்காத மருந்த இன்னும் எவனும் கண்டுபிடிக்கல!"

நர்ஸ் ஊசியை நிரப்பினாள். அஃபுவா வாயில் கண்ணாடியோடு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தொண்டையிலிருந்து ஏதோ வந்தது.

"பயப்படறா. நீங்க குத்துங்க" என்று மொழிபெயர்த்தார் மாமா.

நர்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்தாள். அவ்வளவுதான். அஃபுவா அந்தக் கண்ணாடியை நறுக்கென்று கடித்துக்கொண்டு நர்ஸின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். கண்ணாடியின் பிடி மட்டும் பல்குச்சி மாதிரி வெளியே நின்றது.

"ஏ புள்ள, திற! மானத்த வாங்காத!"

திறக்கவில்லை. டாக்டர் சைகை காட்ட, நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"பெரியவரே, அரண்மனைல அரசருக்காகப் பேசறவர் எப்படிப் பேசுவார்?" என்று டாக்டர் கேட்டார்.

டொம்ஃபே மலர்ந்தார். "அரசர் இவர் காதுல சொல்வாரு. அத இவரு அழகா எடுத்து ஓதுவாரு."

"சரி. இவங்க உங்க காதுல என்ன சொன்னாங்க?"

டொம்ஃபே இறக்கிய துணியை மறுபடி தோளில் ஏற்றினார். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஃபுவா கண்ணாடியை வெளியே எடுத்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி இதே ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைச்சுப் போச்சு டாக்டரம்மா. என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினதே இந்த மாமாதான்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அது ஊசியால இல்ல" என்றார் டொம்ஃபே. "அன்னிக்கு அவ மீன் சாப்பிட்டிருந்தா. மெதுவாப் பேசு புள்ள, வெளிய ஆள் இருக்கு."

"இருக்கட்டும் மாமா. கதவத் தட்டறப்போ திறக்கறதுக்குப் பொண்ணு உசிரோட இருக்கணும்ல?"

டாக்டர் மருந்தை மாற்றினார். பல்லை வேறொரு நாள் பிடுங்குவதாகச் சொன்னார். வெளியே போன டொம்ஃபே பெஞ்சைப் பார்த்துச் சொன்னதையும் கேட்டேன்: "நல்லவேளை, நான் கூட இருந்தேன். இல்லேன்னா அந்த டாக்டர் தப்பான ஊசியப் போட்டிருக்கும்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவளுக்கு வலித்தது எந்தப் பல் என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே, கவனித்தீர்களா? வலது பக்கம் என்று நீங்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டீர்கள். அவளா உங்களிடம் சொன்னாள்? கடைசியில் டாக்டர் கேட்டபோது அவள் விரல் வைத்துக் காட்டியது இடது பக்கப் பல்லை. பின்னே வலது கன்னத்தில் ஏன் கையை வைத்திருந்தாள் என்கிறீர்களா? மாமா அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பேசினால் எச்சில் தெறிக்கும்.

அடுத்த முறை நீங்கள் யாருக்காவது துணைக்குப் போனால், கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.