குழாய் படம் போட்ட விளக்கு

இனி இந்த வீட்டுக்குள் மெக்கானிக் என்று ஒருவன் கால் வைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாத்திரம் கழுவும் மிஷினுக்கு முன்னால் முட்டி போட்டுக்கொண்டு நான் எடுத்த சபதம் இது. கேட்க மிஷினைத் தவிர யாரும் இல்லை. அதுவும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது.

நிலைமை அப்படி. போன வாரம் மிஷின் பொங்கி, தண்ணீர் தரை வழியாக இறங்கி, கீழ்வீட்டுத் தையல்காரரின் கூரையில் பழுப்புக் கறையாக உட்கார்ந்துவிட்டது. அவர் தைத்து மாட்டியிருந்த கோட்டு ஒன்று தொப்பலாக நனைந்தது. அதற்கு முந்தின மாதமும் இதே கதை. வீட்டுக்கார அம்மா வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஞாயிறு நாலு மணிக்கு நானே வந்து மிஷினை ஓடவிட்டுப் பார்ப்பேன், ஒரு சொட்டு வெளியே வந்தாலும் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் இறங்கியது தண்ணீர் மட்டும்தான்.

மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றாள் மனைவி. எனக்குத் தெரியாததா என்றேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். நாலு வருஷத்தில் நீங்கள் தொட்டுப் பிழைத்த சாமான் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை.

ஆனால் நிஜமாகவே கண்டுபிடித்துவிட்டேன். மிஷினுக்குள்ளே மூலையில் காளான் மாதிரி ஒரு வெள்ளை மிதவை இருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் அதுவும் ஏறும். அது ஏறினால் தண்ணீர் வருவது நின்றுவிடும். எங்கள் மிதவைக்கு ஏறவே வழியில்லை. அடியில் அழுக்கு பசை மாதிரிப் பிடித்திருந்தது. கழற்றித் தேய்த்தேன். சல்லடையைத் தேய்த்தேன். கதவோரத்து ரப்பரைத் துடைத்தேன். கழற்றியதையெல்லாம் மேடை ஓரத்தில் காயவைத்தேன். எந்த பிரஷ்ஷால் தேய்த்தீர்கள் என்றாள். பல் துலக்குகிற பிரஷ் என்றேன். யாருடையது என்பதைச் சொல்லவில்லை.

சல்லடை காய்ந்ததும் மாட்டினேன். அழுக்குத் தட்டுகளை அடுக்கினேன். அந்த நேரத்தில் மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்முன் பாத்திரத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு ஏதோ செய்தாள். குப்பைக் கூடையை எடுக்கிறாள் என்று நினைத்தேன். இடுப்பில் இருந்த பாப்பா எதையோ வாயில் கடித்துக்கொண்டே டாட்டா காட்டியது.

மிஷினின் பொத்தானைத் தட்டினேன். உறுமியது. துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெளியே வானமும் அழுக்காக இருந்தது. எந்தப் பெட்டியில் எதைக் கட்டுவது, பாப்பாவின் கட்டில் எந்தப் புது வீட்டின் வாசலில் நுழையும் என்றே மனசு ஓடியது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கீழே தையல்காரருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, சொட்டுதா?”

“இல்ல மாப்ளே.”

கொஞ்ச நேரத்தில் குழாய் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் பத்திரமாக இருக்கிறது என்று மிஷினே சொல்கிறதாக்கும். கண் கலங்கிவிட்டது எனக்கு.

மூன்று மணிக்கு மனைவி திரும்பினாள். தரையைக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. அவள் மிஷினைத் திறந்தாள். தட்டுகளில் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. உள்ளேயும் ஒரு சொட்டு இல்லை.

“ஏங்க, தண்ணியே வராம எது ஒழுகும்? குழாய மூடிட்டுத்தான் போனேன். அந்தச் செவப்பு வெளக்கும் அதத்தான் சொல்லுது.”

கைப்பையிலிருந்து மிதவையை எடுத்தாள். பாப்பாவின் இரண்டு பல் அதில் பதிந்திருந்தது.

“இத மாட்டாம ஓட்டியிருந்தீங்கன்னா, நாலு மணிக்கு நாம தெருவுல நின்னிருப்போம்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா எனக்குத் தெரியாததான்னு கேப்பீங்க. குழாய் அப்படில்லாம் கேக்காது.”

மிதவையை மாட்டி, இரண்டு தரம் தூக்கி விட்டாள். டொக், டொக் என்றது. குழாயைத் திறந்தாள். சரியாக நாலு மணிக்கு வீட்டுக்கார அம்மா வந்தார். மிஷின் ஓடி முடிகிற வரைக்கும் நின்றார். குனிந்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தினார். கை காய்ந்தே வந்தது. யார் சரிசெய்தது என்று கேட்டார். இவர்தான் என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்த அம்மா என்னை ஒரு தரம் நம்பாமல் பார்த்துவிட்டு, “சரி, இங்கேயே இருங்க” என்று சொல்லிப் போனார்.

எனக்காக அத்தனை நேரம் கூரையைப் பார்த்துக் கழுத்து வலிக்க நின்ற மனிதராயிற்றே என்று நன்றி சொல்லக் கீழே போனேன். தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்:

“நான் எங்க மேல பாத்தேன் மாப்ளே? குழாய மூடிட்டேன், அவரு போன் பண்ணா இல்லன்னு மட்டும் சொல்லுங்கன்னு தங்கச்சி காலையிலயே சொல்லிட்டுப் போச்சே.”