மலைதான் ஒரு ஷேடு கம்மி

கள்ளக்குறிச்சியில் எதையுமே முழுசாக நன்றாயிருக்கிறது என்று ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஷேடு அண்ணன்தான். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ஒரு ஷேடு கம்மி" என்பார். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் டிகாஷன் ஊற்றினால், "இப்ப ஒரு ஷேடு ஜாஸ்தி" என்பார். கல்யாண வீட்டுக் கேசரி, பஸ் ஸ்டாண்டுச் சுவர், பக்கத்துத் தெருக்காரர் வாங்கிய புது ஸ்கூட்டர், எதுவும் அவர் வாயிலிருந்து தப்பியதில்லை. அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் காப்பைப் பார்த்துவிட்டுப் பூசாரியிடமே அதைச் சொல்லப்போய், அன்றைக்கு அவருக்கு விபூதி கிடைக்கவில்லை. ரேஷன் கார்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கும். எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

நான் பார்சல் ஆபீஸில் புக்கிங் பார்க்கிறவன். எங்களுக்கு அடுத்த கடை பெயின்ட் கடை. அங்கே கலர் கலக்கும் மெஷினுக்கு அதிபதி அண்ணன்தான். வாடிக்கையாளர் கேட்கிற கலரைக் கொடுப்பது தன் வேலை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

தியாகதுருகத்திலிருந்து ஒருவர் வந்து, "வூட்டுக்கு ரோஸ் கலர் குடுங்க" என்றார்.

"சொவரு எந்தப் பக்கம் பாத்துகினு இருக்குது?"

"இன்னாத்துக்கு அது? மேக்கால பாத்துகினு இருக்குது."

"அப்ப சாயந்திர வெயிலுக்குச் செவந்துடும். வூடே கோவமா இருக்கறாப்ல தெரியும். வேணாம்."

"வூட்டுக்காரம்மாவே அப்பிடித்தாங்க இருக்கறாங்க. நீங்க குடுங்க."

அண்ணன் கொடுக்கவில்லை. முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்து, தானே கலக்கிக் கொடுத்து அனுப்பினார். இவரை ஏன் வேலையில் வைத்திருந்தார் என்றால், பழைய சுவரிலிருந்து நகமளவு சுண்ணாம்புச் செதிலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், ஒட்டுப்போட்டதே தெரியாத மாதிரி கலந்துவிடுவார். திட்டிக்கொண்டே சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள் சில பேர் உண்டு.

இப்படிப்பட்டவர் படம் வரைந்தால் எப்படி இருக்கும்? அண்ணன் வரைந்தார். கச்சிராயபாளையம் ரோட்டில் அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். கதவு அகலத்துக்கு ஒரு கேன்வாஸ். அதில் அந்த மலை, கீழே கொஞ்சம் கரும்புக் காடு. அவ்வளவுதான். வேறு எதையும் வரைய மாட்டார். ஆனால் மலையில் மேகம் இறங்கினால் படத்திலும் இறக்குவார். வெயில் வந்தால் மேகத்தைச் சுரண்டி எடுப்பார். படம் முடிந்தது என்ற பேச்சே கிடையாது.

சென்னையில் ஒரு கேலரி. வருஷத்துக்கு ஒரு தரம், புது ஓவியர்களின் படங்களைக் கண்காட்சியில் வைப்பார்கள். முதலில் போட்டோ அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் அசல் படத்தை அனுப்பச் சொல்வார்கள். அண்ணன் வெயில் காலத்தில் போட்டோ அனுப்பினார். பிடித்துவிட்டது. அசலைக் கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மலை கரும்பச்சையாகிவிட்டது. இவரும் படத்தைக் கரும்பச்சையாக்கி அனுப்பினார். "நாங்கள் தேர்ந்தெடுத்தது இந்தப் படம் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள்.

"ஏண்ணே மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நா எங்கப்பா மாத்துனேன்? மலைதான மாறிச்சு?"

அடுத்த வருஷமும் போட்டோ தேறியது. போட்டோவில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் மன்றாடினோம். கேட்டார். ஆனால் லாரி கிளம்பும் கடைசி நிமிஷம் வரைக்கும் அதே கலரை மேலே மேலே தீற்றி, ஈரத்தோடு தினசரிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆயில் பெயின்ட் சும்மா இருக்குமா? சென்னையில் பேப்பரைப் பிரித்தபோது மலையின் நெற்றியில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் அச்சு விழுந்திருந்தது. பெரிய மீசை வைத்த யாரோ ஒரு பெரியவர், மலைமேல் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். படம் எங்கள் ஆபீஸுக்கே திரும்பி வந்தது. அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். "மீச ஒரு ஷேடு ஜாஸ்தி" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் டீக்கடையில் கொடுத்த டீயை அப்படியே குடித்துவிட்டுப் போனார். கிளாஸைத் தூக்கிப் பிடிக்கவில்லை, ஷேடு என்ற சொல்லே வரவில்லை. டீ மாஸ்டர் பயந்துபோய் என்னிடம் வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லயா?" என்று கேட்டார்.

மூன்றாம் வருஷமும் போட்டோ தேறியதும், அவர் சம்சாரம் வசந்தா அக்கா நேரே என் ஆபீஸுக்கு வந்துவிட்டார். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். வேண்டாததை ஒரே வெட்டில் வெட்டிவிடுகிற சுபாவம்.

"தம்பி, இந்தத் தடவயும் திரும்பி வந்துச்சின்னா அந்த மனுசன் பிரஷ்ஷத் தொட மாட்டாரு. வாயத் தெறந்து சொல்ல மாட்டாரு, ஆனா எனக்குத் தெரியும். படத்த எப்பிடியாச்சும் அனுப்பிடணும். அது போனாத்தான் கூடத்துல பாய் விரிக்கவும் எடம் வரும்."

"மலை மாறிக்கினே இருக்குதேக்கா. அவரும் மாத்திக்கினே இருப்பாரே."

அக்கா யோசித்தார். "அவரு மலையப் பாத்தாத்தான மாத்துவாரு?" என்றார்.

"கல்வராயனையே மறைச்சிடப் போறீங்களா?"

"இல்ல தம்பி. அவர மலமேலயே கொண்டுபோய் விட்டுடறேன். மேல ஏறிட்டா மலை எங்க தெரியும்?"

நான் எழுந்து நின்று கும்பிட்டேன். இவ்வளவு வருஷமாக மலையை வரைந்தவர் ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை. கிட்டப் போனால் கலர் போய்விடும் என்பது அவர் கட்சி.

அக்காவின் தம்பி வெள்ளிமலைப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே அவர் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. கேலரிக்கு அனுப்பிய போட்டோவை அக்கா தன் போனில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் மழை விட்டு மலை நல்ல நீலமாக நின்றது. அண்ணனும் நீலம் தீற்றினார். போட்டோவும் படமும் ஒன்றாயின. அவர் கை கழுவ உள்ளே போன நேரத்தில் அக்கா எனக்குப் போன் போட்டார். "வந்துச்சி தம்பி. இப்பவே இவர இழுத்துகினு பஸ் ஏறிடறேன். சாவி பக்கத்து வூட்டுல இருக்குது."

காதுகுத்து முடிந்தும் அக்கா அவரைக் கீழே இறங்க விடவில்லை. நான் படத்தை ஆபீஸுக்குக் கொண்டுவந்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வேர்த்து விறுவிறுத்து பில் போட்டேன். மலைக்குக் காற்று வந்தது, எனக்கு வரவில்லை.

மூன்றாவது நாள் அண்ணன் போன் செய்தார். "தம்பி, இங்க மலையே இல்லப்பா."

"நீங்க நிக்கிறதே மலைதாண்ணே."

"இங்க டீக்கடக்காரரும் அதத்தான் சொல்றாரு. ஆனா நீலமே இல்லயே. செம்மண்ணு இருக்குது, மரவள்ளி இருக்குது, பலாமரம் இருக்குது. நீலம் எங்க போச்சு? நா கீழ வந்து பாத்துடறேன்."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் ஒரு மூலை இன்னும் விரலில் ஒட்டியது. "இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்கண்ணே, அங்கதான் இருக்கும்" என்றேன். பாவம், போனார். ராத்திரிக்குக் கால் வீங்கிவிட்டதாக அக்கா சொன்னார். அதற்குள் படம் காய்ந்துவிட்டது. அக்கா கொடுத்து வைத்திருந்த வாயில் புடவையில் சுற்றி, மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டி, நானே லாரியில் ஏற்றினேன். அந்த லாரி டிரைவரை நான் மிரட்டிய மாதிரி என் பிள்ளைகளைக்கூட மிரட்டியதில்லை.

அண்ணன் இறங்கி வந்து, காலியான கூடத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. படம் வந்து சேர்ந்தது, போட்டோவில் இருக்கிற மாதிரியே இருக்கிறது, திறப்பு விழாவுக்கு வாருங்கள் என்று கேலரியிலிருந்து போன் வந்ததும், என் மேஜைக்கு ஒரு டீ வாங்கி அனுப்பினார். அதன் கலரைப் பற்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

விழாவன்று சாயந்திரம் இங்கே பேய் மழை. சென்னையிலிருந்து போன் வந்தது.

"தம்பி, மாட்டியிருக்காங்கப்பா. படத்துக்குன்னு தனியா ஒரு லைட்டு வேற." பிறகு குரல் ரகசியம் பேசுகிற மாதிரி தாழ்ந்தது. "ஆனா இங்க நின்னு பாத்தா ஒரு சந்தேகம். நீ கொஞ்சம் மாடி ஏறிப் பாரேன். மலை இப்ப எப்பிடி இருக்குது?"

பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது. "சட்டப் பையில பிரஷ்ஷு வச்சிருக்காரு தம்பி. பாத்துச் சொல்லு."

குடையைக்கூட எடுக்காமல் எங்கள் ஆபீஸ் மாடிக்கு ஓடினேன். மலையாவது ஒன்றாவது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மழையில் தெரியவில்லை.

"ஒங்க படத்துல எப்பிடி இருக்குதோ, அப்பிடியே இருக்குதுண்ணே."

"ஷேடு?"

"கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல."

போனில் அவரைச் சுற்றிலும் ஜனங்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"அப்ப சரிப்பா," என்றார். "விட்டுடறேன்."

சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, சிரித்தபடி அங்கேயே நின்றிருந்தேன். மனசு அப்படி நிறைந்திருந்தது. இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்னால் மாடிக்குப் போய் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அண்ணன் படத்தோடு வைத்துப் பார்த்தால், மலைதான் ஒரு ஷேடு கம்மி.